ஐந்தாவது அண்டைவீடு

எனக்கு எலிகளைப் பிடிக்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வெள்ளை எலியை உள்ளங்கையில் வைத்தால் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது நம் விரலுக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் எலிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் பயிற்சி ஒரு மாதம் இருந்தது. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி, வாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு ஊற்ற வேண்டும். பிறகு தினமும் பக்கத்தில் உட்கார்ந்து குறிக்க வேண்டும். தின்றதா, சுருண்டு கிடக்கிறதா, பின்னங்காலை இழுக்கிறதா என்று. என்னோடு படித்தவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். எனக்குக் குழாயைப் பிடிக்கக் கை வரவில்லை, குறிப்பு மட்டும் எழுதினேன். மூன்றாம் நாளே சாப்பாடு இறங்கவில்லை. வாத்தியார் என்னைப் பார்த்து, உனக்கெல்லாம் கம்ப்யூட்டர்தான் லாயக்கு என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

நேற்று விசாரணையில் நீங்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். எப்போது தெரியும் என்று. நான் இரண்டு விதமாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று உங்கள் எழுத்தர் முகம் சுளித்தார். எனக்கு வாயால் சொன்னால் குழறும். எழுதினால் சரியாக வரும். காகிதமும் கொடுத்து ஜன்னலோர மேசையையும் விட்டுக்கொடுத்ததற்கு நன்றி. வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். இதில் நானாகச் செய்தது கொஞ்சம்தான். கைமீறிப் போனதுதான் அதிகம்.

எங்கள் கம்பெனி செருப்புக்கும் ஷூவுக்கும் பசை செய்கிறது. முன் கொட்டகையில் பசை தயாராகும். பின் கொட்டகையில் அதைத் தடவி சோல் ஒட்டுவார்கள். அந்தக் கொட்டகையை லைன் என்போம். லைனில் நூற்று நாற்பது பேர், முக்கால்வாசி பெண்கள். பசை கெட்டியாக இருந்தால் பிரஷ் ஓடாது. தின்னர் ஊற்றி இளக்க வேண்டும். இரண்டு கொட்டகைக்கும் நடுவில் ஓர் அறை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, லைனைப் பார்த்த ஒரு கண்ணாடி ஜன்னல். வாசலில் பாதுகாப்புப் பிரிவு என்று பலகை. பிரிவில் நான் ஒருவன்தான். பிரிவுக் கூட்டம் நடக்கும்போது கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொள்வேன் என்று லைனில் கேலி செய்வார்கள்.

புது ரசாயனம் ஒன்று வந்தால் அது ஆளை என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. எலி கிடையாது, கூண்டு கிடையாது. திரையில் அதன் வடிவத்தை வரைவேன். மென்பொருள் தன்னிடம் இருக்கும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களில் அதன் சாயல் உள்ளவற்றைத் தேடி எடுத்து வரிசையாக வைக்கும். அவற்றை அண்டைவீடுகள் என்போம். வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லையா, அந்த மாதிரிதான். அண்டைவீடுகள் எல்லாம் முன்பே யாரோ சோதித்தவை. அவை சாதுவாக இருந்தால் புதிதும் சாது என்று பச்சை காட்டும். அவை மோசம் என்றால் சிவப்பு. ஆளுக்கு ஒன்று சொன்னால் மஞ்சள். மஞ்சள் என்றால் தன்னால் சொல்ல முடியவில்லை, நேரடியாகச் சோதித்துப் பாருங்கள் என்று அர்த்தம்.

முடிவுத் தாளின் அடியில் ஒரு வரி தானாகவே அச்சாகும். 'இந்த ஆய்வில் எந்த உயிரினமும் பயன்படுத்தப்படவில்லை.' ஒன்பது வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பேனாவை மூடுவேன். என் உத்தியோகத்தில் எனக்கு மனதாரப் பிடித்தது அதுதான்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள் என்று ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறேன். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. ஒன்பது வயதில் ஒரு பெண். அந்தக் குழந்தைக்கு இடுப்பு வரைக்கும் முடி. காலையில் சின்னவள் ஒரு கையால் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அதைப் பின்னி முடித்துவிடுவாள். அவள் விரல்கள் அப்படி. லைனில் அவளைச் சேர்த்துவிட்டது நான்தான். மூன்றாவது மேசை, என் ஜன்னலுக்கு நேர் எதிரே. அவள் ஒரு ஜோடியை முடித்து வைக்கும்போது பக்கத்து மேசைக்காரி பாதியில் இருப்பாள்.

பழைய தின்னருக்கு நாற்றம் அதிகம். ஷிஃப்ட் முடிந்து வந்து தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். ஒருநாள் படுத்தபடியே என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, பாதுகாப்புன்னு பலகை மாட்டி உக்காந்திருக்கியே. இந்தத் தலைவலிக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?"

அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் இருந்தது. நான் செய்ததற்கெல்லாம் ஆரம்பம் அந்த வருத்தம்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடமே பழைய தின்னரை அரசாங்கம் தடை செய்தது. மேனேஜர் ஒரு நீல டிரம்மைக் கொண்டுவந்து என் அறை வாசலில் வைத்தார். புதுத் தின்னர். பெயர் நீளமானது, கோப்பில் நாற்பத்தேழு என்று எண் மட்டும். லைனில் நீலம் என்றே பெயர் விழுந்துவிட்டது. மூடியைத் திறந்தால் பழுத்த பழத்தின் வாசனை லேசாக வரும். மேனேஜர் கெட்டவர் அல்ல. அவருக்கு மேலே ஓர் ஆள், அந்த ஆளுக்கு மேலே இன்னோர் ஆள். எல்லாரும் ஒருவர் தலைமேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தோம். வியாழக்கிழமைக்குள் தாள் வேண்டும், பச்சை வந்தால் லைன் ஓடும், மஞ்சள் வந்தாலும் பூட்டுதான் என்றார். மிரட்டவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். அவர் போன பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னவள் நெற்றிப்பொட்டை மணிக்கட்டால் அழுத்திவிட்டு அடுத்த சோலை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை வரைந்து பார்த்தேன். ஐந்து அண்டைவீடுகள் வந்தன. நான்கு சாதுவானவை. ஐந்தாவது ஒரு பழைய திரவம். எப்போதோ எங்கோ ஒரு பட்டறையில் அதை வைத்து வேலை செய்தவர்களுக்குச் சில மாதங்களில் கால்விரல் மரத்தது, பிறகு கைவிரல், பிறகு நடை போனது என்று குறிப்பு. ஐந்தையும் சேர்த்தால் மஞ்சள். மஞ்சள் என்றால் நீலத்தை வெளியே ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எட்டு மாதம். அறுபது எலிகள். அவற்றின் பின்னங்கால்களை யாரோ உட்கார்ந்து பார்த்துக் குறிப்பார்கள்.

ஒவ்வோர் அண்டைவீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பொருந்தாத வீட்டை அதில் தொட்டு நீக்கலாம். இது திருட்டு வேலை அல்ல, மென்பொருளே கொடுக்கிற வசதி. சாயல் இருந்தாலும் உறவு இல்லாதவை சில சமயம் வந்துவிடும், அவற்றை விலக்குவது எங்கள் அன்றாட வேலை. நீக்கினால் காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி திறக்கும். குறைந்தது பத்து எழுத்து எழுதினால்தான் விடும். புதன்கிழமை பிற்பகல் ஐந்தாவது வீட்டை நீக்கினேன். 'அமைப்பில் பொருத்தமில்லை' என்று எழுதினேன். திரை பச்சையானது. அடியில் இருந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அதே திரையில் இன்னொரு பொத்தான் உண்டு. ஒரு ரசாயனம் உடம்புக்குள் போய் என்னவாக மாறுகிறது என்று காட்டும். கட்டாயம் இல்லை, வேண்டுமானால் பார்க்கலாம். அதை அழுத்தினீர்களா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை என்றேன். அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்கள்.

நீலம் லைனுக்குப் போன முதல் வாரமே எல்லாருக்கும் தலைவலி நின்றது. மூன்றாவது மேசையில் இருந்து சின்னவள் என் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். பெண்கள் சிலர் அறைக்கே வந்து நன்றி சொன்னார்கள். ஒருத்தி, கடைசியில் அந்தக் கம்ப்யூட்டரும் ஒரு காரியம் பண்ணிச்சு என்றாள். தாள் பச்சை என்பதால் நெடியை வெளியே தள்ளும் சுவர் விசிறிகளை ஓட்ட வேண்டிய கட்டாயம் நீங்கியது. அவற்றின் சத்தம் காதைப் பிளக்கும். நிறுத்தியதும் லைனில் முதல்முறையாகப் பேச்சுச் சத்தம் கேட்டது. தூசி வராமல் இருக்கக் கதவுகளைச் சாத்தினார்கள். அதை நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் மாடியிலிருந்து இறங்கினேன். மூன்றாம் படியில் சின்னவளின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கொடியில் துணி போட மேலே வந்து போனவள். கீழே போனால் ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தேன். குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

"இது எப்ப கழண்டுச்சு? சுத்தமா தெரியல அண்ணா. வயசாகுது போல."

அவளுக்கு முப்பத்துநான்கு வயது. நானும் சிரித்தேன். மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். நேற்றுச் சொன்ன பதில்களில் இரண்டாவது இதுதான். முதலில், லைனில் ஒருத்தி படியில் விழுந்தாளே, அப்போதுதான் தெரியும் என்றேன். பிறகு திருத்தி, செருப்பைப் பார்த்தபோது என்றேன். உங்கள் எழுத்தர் முகம் சுளித்தது அதற்குத்தான்.

ஆனால் ஒரு செருப்பை வைத்து என்ன சொல்ல முடியும்? செருப்பு பழசாக இருக்கலாம், வார் தளர்ந்திருக்கலாம். ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் நூற்று நாற்பது பேர் வேலையை நிறுத்தச் சொன்னால், அந்த நூற்று நாற்பதில் அவளும்தான் இருக்கிறாள். மேனேஜரிடம் என்ன சொல்வேன்? என் கையெழுத்தே அங்கே இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அதனால் என்னால் முடிந்ததைச் செய்தேன். உறுதிப்படுத்திக்கொள்ள முடிவு செய்தேன்.

என் சட்டைகளில் பொத்தான்கள் அடிக்கடி அறுந்துபோகத் தொடங்கின. நான்தான் அறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைக் கொண்டுபோய்ச் சின்னவளிடம் கொடுப்பேன். ஊசி கோத்து, பொத்தான் தைத்து, பல்லால் நூலைக் கடித்து எடுப்பாள். நான் எதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பேன். ஊசி கோக்க ஆகிற நேரத்தை மட்டும் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொள்வேன். முதல் ஞாயிறு ஒன்பது நொடி. மூன்றாம் ஞாயிறு பதினாறு. ஏழாம் ஞாயிறு நாற்பத்தோரு நொடி, ஊசி இருமுறை கீழே விழுந்தது. ஒரு சட்டைக்கு இத்தனை பொத்தானா அறும், உன் உடம்பு ஒன்றும் பெருக்கக் காணோமே என்று கேலி செய்தாள். குழந்தையும் சேர்ந்து சிரித்தது.

எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினேன். அது இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. ஒழுங்காக எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊசி, செருப்பு, குழந்தையின் பின்னல். பின்னல் முதலில் தளர்ந்தது. பிறகு ஒற்றைக் குடுமியானது. எட்டாம் மாதம் சின்னவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் முடியைத் தோளோடு வெட்டிவிட்டு வந்தாள். வெயில் காலத்துக்கு நல்லது என்றாள். குழந்தை இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. எனக்கும் அன்று மனசு சரியில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நடுவில் லைனில் முணுமுணுப்பு கிளம்பியது. நாலைந்து பேருக்குக் கால்விரல் மரமரவென்று இருப்பதாகச் சொன்னார்கள். மேனேஜர் எல்லாரையும் நிற்க வைத்து என் தாளைக் காட்டினார். அதற்கு யாரும் மசியவில்லை. பிறகு மூன்றாவது மேசையைக் கை காட்டினார். நீலத்துல ஏதாவது இருந்தா சொந்தத் தங்கச்சியை அங்க உக்கார வைப்பாரா என்று கேட்டார். எல்லாரும் சின்னவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கொஞ்சம் வெட்கத்தோடு, ஆமாம், எங்க அண்ணன்தான் பாத்துச்சு என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்த நேரத்தில் கதவைத் திறந்து வெளியே போகலாம் என்று நினைத்தேன். கைப்பிடியில் கை வைத்ததும் நினைவிருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் சின்னவள் மாடிக்கு வந்தாள். படியேறுவதற்கே நேரம் எடுத்தது, காலை உயர்த்தி உயர்த்தி, தண்ணீருக்குள் நடக்கிறவள் போல வைத்தாள். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டாள்.

"அண்ணா, பேக்கிங்ல ஆள் கேக்கறாங்க. நான் அங்க மாறிக்கட்டுமா? கை முன்ன மாதிரி இல்ல."

"எவ்வளவு நாளா?"

"தெரியல. மெல்ல மெல்ல. அந்த நீலம் ஏதாவது பண்ணுமா? நீதானே பாத்த."

நான் அவள் கைகளைப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதை வற்றியிருந்தது. நோட்டில் அதற்கு ஒரு பத்தி இல்லையே என்று தோன்றியது.

"பாத்தேன். பச்சைதான். கொஞ்ச நாள் பொறு."

சரி என்று எழுந்து போனாள். நான் சொன்னால் அவள் மறுபேச்சு பேசியதில்லை. ஏன் பொறுக்கச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் மூன்றாவது மேசையை விட்டு எழுந்தால் லைன் முழுவதும் எழுந்துவிடும், அது ஒன்று. இன்னொன்றும் உண்டு, அது உங்களுக்கு விளங்குமோ என்னவோ. அவள் அப்போது பேக்கிங்குக்குப் போயிருந்தால், கை மரத்தது நீலத்தாலா வேறு எதனாலா என்று கடைசிவரைக்கும் தெரியாமல் போயிருக்கும். நான் எழுதிவந்த குறிப்பு பாதியில் நின்றிருக்கும். பாதியில் நின்ற சோதனை யாருக்கும் பயன்படாது. அதுவரை அவள் பட்ட கஷ்டத்துக்கும் அர்த்தம் இல்லாமல் போயிருக்கும். அவள் பட்டதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று சொல்லாதீர்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பச்சைத் திரை போட்ட சின்ன அறை. டாக்டர் ஒரு ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. வேலையில் ரசாயனம் ஏதாவது தொடுகிறீர்களா என்று கேட்டார். சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான்தான் பதில்.

"பசைதான் சார். ஆபத்து இல்லாதது. சோதிச்சுச் சான்று கொடுத்தவனே நான்தான்."

டாக்டர் என் உத்தியோகத்தை மதித்தார். சத்துக்குறைவாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை நான் வேளை தவறாமல் வாங்கிக் கொடுத்தேன். திரும்பும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நல்லவேளை நீ கூட வந்த என்றாள்.

பத்தாம் மாதம் லைனில் ஒருத்தி படியில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வேறு ஒரு டாக்டர் அவளுடைய நரம்புகளைச் சோதித்துவிட்டுத் தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு எழுதினார். பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள், டிரம்களுக்கு முத்திரை வைத்தார்கள். இருபத்தாறு பேருக்குக் கைகாலில் கோளாறு என்று எண்ணிச் சொன்னீர்கள். அதில் அதிகம் கெட்டது சின்னவளுக்கு. அவள்தான் ஒரு நாள்கூட லீவு போடாதவள்.

இப்போது அந்தப் பொத்தானுக்கு வருகிறேன். உடம்புக்குள் என்னவாக மாறும் என்று காட்டுவதை. அழுத்தவில்லை என்று சொல்லியிருந்தேன். அழுத்தினேன். ஐந்தாவது வீட்டை நீக்குவதற்கு முன்னால், அதே புதன்கிழமை, சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும். முதலில் ஐந்தாவது வீட்டுக்கு அழுத்தினேன். ஈரல் அதை என்னவாக மாற்றுகிறது என்று வந்தது, நரம்பை அரிப்பது அந்தப் பொருள்தான். பிறகு நீலத்துக்கு அழுத்தினேன். அதே பொருள் வந்தது. ஓர் அணுகூட வித்தியாசம் இல்லை. மற்ற நான்கு வீடுகளும் முகச்சாயலுக்கு வந்தவை. ஐந்தாவதுதான் கூடப்பிறந்தது. அந்தத் திரையை அச்செடுக்காமல் மூடினேன். மூடிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னவள் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகுதான் கட்டத்தைத் தொட்டேன்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். நீலம் லைனுக்குப் போவதற்கு முன்பே தெரியும். ஆனால் தெரியும் என்ற வார்த்தையை நீங்கள் நினைக்கிற மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. திரையில் வருவது கணிப்பு. கணிப்பு தவறலாம், எத்தனையோ தடவை தவறியிருக்கிறது. உண்மை என்றால் யாராவது ஒருவர் உடம்பில் நடந்து காட்ட வேண்டும். எலியில் பார்க்க எனக்கு மனமில்லை. வேறு வழி எனக்கு என்ன இருந்தது, நீங்களே சொல்லுங்கள்.

முத்திரை வைத்த அன்று, அறையைப் பூட்டச் சொல்வதற்கு முன்னால் எனக்கு அரைமணி நேரம் கிடைத்தது. மென்பொருளில் புதுத் தரவு சேர்க்க ஓர் இடம் உண்டு. நோட்டைப் பார்த்து நிரப்பினேன். ரசாயனம் நாற்பத்தேழு. உயிரினம்: மனிதர், பெண். எண்ணிக்கை: ஒன்று. காலம்: பத்து மாதம். விளைவு: உண்டு. இனிமேல் எங்காவது ஒருவன் இதன் சாயலில் ஒன்றை வரைந்தால் என் தங்கையின் வீடு அவன் பட்டியலில் வந்து நிற்கும். அவனால் அதை நீக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். பத்து எழுத்து போதும். அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டிவருவதற்கு முந்திய நாள், கீழே போனேன். சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை லாரியை விட்டுவிட்டு வந்து அடுப்படியில் நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் புகார் மனுவில் கைரேகை வைத்திருந்தாள். பேனா நிற்கவில்லையாம். கம்பெனி மேல்தான் வைத்தேன், உன் மேல் இல்லை, நீ பார்த்தது சரியாகத்தான் பார்த்திருப்பாய், அவர்கள்தான் டிரம்மில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றாள். அவள் என் சட்டையைப் பார்த்தாள்.

"மேல் பொத்தான் இல்ல பாரு. கழட்டிக் குடு."

வேண்டாம் என்றேன். கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கழற்றிக் கொடுத்தேன். மடியில் போட்டுக்கொண்டு ஊசியை எடுத்தாள். அது விழுந்தது. குழந்தை எடுத்துக் கொடுத்தது. மறுபடி விழுந்தது. நூல் முனையை வாயில் ஈரப்படுத்தி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்றாள். ஆறு நிமிடம் நாற்பது நொடி. அதன் பிறகு ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டி, நீயே கோத்துக் குடு அண்ணா என்றாள். கோத்துக் கொடுத்தேன். நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருப்பது அதுதான்.

என் தாளை வழக்கில் சேர்க்கப்போகிறீர்கள் என்று தெரியும். பச்சை முடிவு பொய் என்று அதன்மேல் கோடு போடுங்கள், காரணப் பெட்டியில் எழுதியதும் பொய், அதையும் அடியுங்கள். கையெழுத்து என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். எந்தத் தண்டனை என்றாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள். தாளின் அடியில் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுங்கள். அது உண்மை. என் கையால் ஓர் எலிக்குக்கூட நான் தீங்கு செய்ததில்லை.